இரண்டாவது டம்ளர்

என் தம்பி பொண்டாட்டியைப் பற்றி நான் நாலு நல்ல வார்த்தை பேசுவேன் என்று ஒரு காலத்தில் யாராவது சொல்லியிருந்தால், அவர்களுக்கு என் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் கிடைத்திருக்காது. நாத்தனார் என்றால் கொஞ்சம் முறைத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும், அதுதான் நமக்கு மரியாதை என்று நினைத்தவள் நான். இப்போது கேட்கிறவர்கள் காது புளிக்கிற அளவுக்கு அவள் புராணம்தான் பாடிக்கொண்டிருக்கிறேன்.

முறைப்பு ஆரம்பித்தது சாப்பாட்டு மேசையில். கல்யாணமான புதுசு. அவளை முதல் முதலாகச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். காலையிலிருந்து அடுப்படியில் வெந்து, மேசை கொள்ளாமல் சமைத்து வைத்திருந்தேன். "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். எல்லாரும் கேட்கிற கேள்விதான், எல்லாருக்கும் பதிலும் தெரியும். அவள் வாயில் இருந்ததை நிதானமாக விழுங்கிவிட்டு, "உப்பு தூக்கல் அண்ணி. மத்தபடி நல்லாருக்கு" என்றாள். என் தம்பி தட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டான். உப்பு தூக்கலாகத்தான் இருந்தது, அது வேறு விஷயம். புதுப்பெண்ணுக்கு அவ்வளவு நாக்கு எதற்கு என்று அன்றைக்கு ராத்திரி என் புருஷனிடம் பொரிந்து தள்ளினேன். அவர் பாதியில் தூங்கிவிட்டார்.

அவளுக்கு 'பஞ்சாயத்து' என்று பெயர் வைத்ததும் நான்தான். காரணம் ஒரு பீரோ. எங்கள் அம்மா போன பிறகு அவள் பீரோ யாருக்கு என்பதில் எனக்கும் தம்பிக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. பஞ்சாயத்து எங்கள் இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்தாள். "அவர் என்ன சொன்னார்னு நீங்க சொல்ல வேண்டாம் அண்ணி. உங்க காதுல என்ன விழுந்துச்சு, யார் வாயிலேருந்து விழுந்துச்சு, அதை மட்டும் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். தம்பியும் சொன்னான். கடைசியில் பார்த்தால் "பீரோவை எனக்கே கொடு" என்று நானும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. நான் கேட்டதாக அவனிடமும், அவன் கேட்டதாக என்னிடமும் சொன்னது எங்கள் சித்தப்பா. பீரோவும் அவர் வீட்டில்தான் இருந்தது, அவர் வேட்டி சட்டையெல்லாம் மடித்து அடுக்கிய நிலையில். நாங்கள் சிரித்த சிரிப்பில் அக்கம்பக்கம் எட்டிப்பார்த்தது.

வீட்டில் மட்டுமில்லை, வெளியிலும் அவளுக்கு அதே பிழைப்புதான். எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு முதலில் ஒரு லிஃப்ட் கம்பெனியில் இருந்தாள். நடுவழியில் நிற்கிற லிஃப்டை ஓட வைக்கிற வேலை. அப்புறம், எலக்ட்ரிக் வண்டிகளுக்கு ஆளுயரத்தில் நிற்கிற சார்ஜர் பெட்டிகள் இருக்கின்றன இல்லையா, அவற்றைப் பராமரிக்கிற கம்பெனிக்கு மாறினாள். சார்ஜர் ஓடாவிட்டால் போய்ப் பார்க்க அங்கே நிறையப் பேர் உண்டு. சார்ஜரும் நன்றாக இருந்து, வண்டியும் நன்றாக இருந்து, ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள மாட்டேன் என்றால், அதற்குப் பஞ்சாயத்துதான் போக வேண்டும்.

"அதுங்களுக்குள்ள என்னடி பேச்சு? சொத்துத் தகராறா?" என்று நான் கேலி செய்தேன்.

அவள் சிரிக்கவில்லை. வேலையைப் பற்றிக் கேட்டால் அவள் முகமே மாறிவிடும். "ஃபோன் மாதிரி செருகினதும் கரண்ட் பாஞ்சிடாது அண்ணி. அந்தத் தடிக் கேபிளுக்குள்ள பேசறதுக்குன்னே ஒரு மெல்லிசு கம்பி இருக்கு. நீ யாரு, உன் பேட்டரிக்கு எவ்வளவு வேணும், எவ்வளவு தாங்கும், தயாரா, இதையெல்லாம் பேசி முடிச்சாத்தான் சார்ஜர் கரண்டைத் திறந்து விடும். பேச்சு ஒரு இடத்துல தடுக்கினா போச்சு. வண்டியைக் கேட்டா சார்ஜர் பதிலே சொல்லலைன்னு சொல்லும். சார்ஜரைக் கேட்டா வண்டிதான் பேசலைன்னு சொல்லும்."

"நம்ம குடும்பம் மாதிரியே இருக்கு" என்றேன். அதற்கு மட்டும் சிரித்தாள்.

இதெல்லாம் என் தலையிலேயே வந்து விடியும் என்று அப்போது தெரியாது.

நான் ஒரு ஆஸ்பத்திரியில் வேன் ஓட்டுகிறேன். ரொம்ப காலம் அதே ஆஸ்பத்திரியின் டோக்கன் கவுன்டரில் இருந்தேன். கண்ணாடியில் ஒரு சின்ன ஓட்டை, அதன் வழியாகக் கைகள்தான் வரும், போகும். முகம் பார்த்துப் பேசின ஞாபகமே இல்லை. டயாலிசிஸ் நோயாளிகளை வீட்டிலிருந்து கூட்டிவந்து திரும்பக் கொண்டுபோய் விட எலக்ட்ரிக் வேன்கள் வாங்கியபோது, லைசென்ஸ் எடுத்துவிட்டு நேராகப் போய் நின்றேன். "பெரிய வண்டிம்மா" என்றார்கள். "நானும் பெரிய ஆள்தான்" என்றேன். அன்றைக்கு ஸ்டீயரிங்கைப் பிடித்ததுதான். என் வண்டியில் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் எந்த ஸீட் பிடிக்கும், யாருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், யார் ஏறும்போது கையைப் பிடிக்கலாம், யார் பிடித்தால் கோபித்துக்கொள்வார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அந்த வண்டியை விட்டு என்னை இறக்கினால் நான் பாதி ஆளாகிவிடுவேன், இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

இரண்டு வேன்கள். ஒன்று என்னுடையது, இன்னொன்று மீசையுடையது. மீசை என்பது உடன் வேலை செய்கிற டிரைவர். ஆளைவிட மீசை முன்னால் வரும். காலையில் நோயாளிகளை இறக்கிவிட்டு, பின்பக்கக் கொட்டகையில் இரண்டு சார்ஜர்களில் வண்டிகளைச் செருகிவிட்டு நாங்கள் சாப்பிடப் போவோம். சிகிச்சை முடிவதற்குள் பேட்டரி ஏறியிருக்கும். எல்லாரையும் திரும்ப வீட்டில் விடுவோம். இதுதான் ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டில்தான் மண் விழுந்தது. சில நாள், சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் என் வண்டிக்கு ஒரு சொட்டுக்கூட ஏறியிருக்காது. சார்ஜர் திரையில் 'வாகனம் பதில் அளிக்கவில்லை' என்று இருக்கும். வண்டிக்குள் ஏறிப் பார்த்தால் அங்கே 'சார்ஜர் பதில் அளிக்கவில்லை' என்று இருக்கும். கன்னை, அதாவது கேபிள் நுனியில் துப்பாக்கிப் பிடி மாதிரி இருக்கிற பிளக்கை, கழற்றித் திரும்பச் செருகினால் சமர்த்தாக ஏற ஆரம்பிக்கும். ஆனால் அதற்குள் நேரம் போயிருக்கும். சிகிச்சை முடிந்து வந்தவர்கள் பெஞ்சில் காத்துக்கிடப்பார்கள். அவர்களில் ஒரு தையல்கார அம்மா உண்டு. சிகிச்சை முடிந்தால் அவருக்கு உடம்பெல்லாம் குளிரும். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "உன்னைக் குத்தம் சொல்லலை கண்ணு, வண்டி எப்ப வரும்னுதான் கேட்டேன்" என்பார். அவர் நாலு திட்டுத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

புகார் போனது. சார்ஜர் கம்பெனி சார்பில் வந்தவள் பஞ்சாயத்து. வந்ததும் மேனேஜரிடம் முதல் வேலையாக, "சார், இவங்க என் நாத்தனார். தெரிஞ்சுக்கிட்டுப் பேசுங்க" என்று சொல்லிவிட்டாள். நான் கண்ணைக் காட்டியும் கேட்கவில்லை. அவளிடம் ஒரு பெட்டி உண்டு, பொம்மை வண்டி என்று சொல்வாள். அதை சார்ஜரில் செருகினால் நிஜ வண்டி வந்து நிற்பதாக சார்ஜர் நம்பிவிடும். அன்றைக்கு மத்தியானம் கொட்டகையில் யாருமில்லாத நேரம் பார்த்து அதைச் செருகி, திருப்பித் திருப்பிச் சோதித்தாள். பேச்சில் ஒரு தடங்கல் இல்லை. சார்ஜர் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்து வண்டிக் கம்பெனி இன்ஜினியர் வந்தார். தன் லேப்டாப்பைப் பச்சைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு நடக்கிற மனிதர். அவரும் என் வண்டியைத் தனியாக நிறுத்திச் சோதித்தார். வண்டி நன்றாக இருக்கிறது என்று அவரும் எழுதினார்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கு ஒரு பதில் வேண்டும். "சார்ஜர் நல்லாருக்கு, வண்டி நல்லாருக்கு. திரும்பச் செருகினா வேலை செய்யுது. அப்போ முதல் தடவை சரியாச் செருகலைன்னுதானே மேடம் அர்த்தம்? மீசைக்கு ஒரு நாளும் இந்தப் பிரச்சினை வரலையே" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருப்பதுபோல இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. தினமும் வேலை முடிந்ததும் வண்டிச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்றார். வெள்ளிக்கிழமை வரை பார்க்கலாம், அதற்குள் காரணம் தெரியாவிட்டால் வேறு டிரைவர், நான் பழையபடி கவுன்டருக்கு.

நான் வீட்டுக்குப் போகவில்லை. நேராகத் தம்பி வீட்டுக்குப் போனேன். சாயங்காலம், அவள் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். தம்பி பிழைத்தோம் என்று கடைக்குக் கிளம்பிவிட்டான். அவனுக்கு என் குரலை வைத்தே வானிலை சொல்லத் தெரியும்.

"உன் பொம்மை வண்டி நல்லா இருடியம்மா. என் நிஜ வண்டிக்குச் சங்கு ஊதிடுச்சு" என்று ஆரம்பித்தேன். "நீ சார்ஜர் நல்லாருக்குன்னு எழுதின. அவன் வண்டி நல்லாருக்குன்னு எழுதினான். ரெண்டு பேரும் சேர்ந்து எனக்குத்தான் சரியில்லைன்னு எழுதிட்டீங்க. வீட்டு ஆள்னு ஒரு வார்த்தை சாதகமா எழுதக் கூடாதா? குறைஞ்சா போயிருப்ப?"

"சார்ஜர் நல்லாருந்துச்சு அண்ணி. அதைத்தான் எழுதினேன். நீங்க தப்புப் பண்ணினீங்கன்னு நான் எழுதலை."

"எழுதாமலே எழுதினதுதான்டி அது!"

அவள் இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தாள். நான் கத்தி முடிக்கிற வரை காத்திருந்தாள். அதற்குக் கொஞ்சம் நேரமானது. பிறகு, "தினமும் என்ன பண்றீங்கன்னு சொல்லுங்க. யார் என்ன சொன்னாங்கன்னு வேண்டாம். உங்க கை என்ன பண்ணுது, கண்ணு என்ன பாக்குது, அதை மட்டும்" என்றாள்.

பீரோ ஞாபகம் வந்தது. கோபத்தோடேயே சொல்ல ஆரம்பித்தேன். சொல்வதைவிடக் காட்டுவது எனக்கு எளிது; மேசையில் இருந்த சாமான்களை இழுத்துப் போட்டேன். சர்க்கரை டப்பாவும் டீத்தூள் டப்பாவும் சார்ஜர்கள். என் டம்ளர் என் வண்டி. அவள் டம்ளரையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, இரண்டு ஸ்பூன்களைக் கேபிளாக நீட்டினேன். "இப்படித் திரும்புவேன், இங்க நிறுத்துவேன், இறங்குவேன், கன்னை எடுத்துச் செருகுவேன். டக்குன்னு சத்தம் வர்ற வரைக்கும் அமுக்குவேன். கைரேகை தேயுற அளவுக்கு அமுக்குவேன்!"

அவள் என் கையைப் பார்க்கவில்லை. "ரெண்டாவது டம்ளர் எதுக்கு அண்ணி?" என்றாள்.

"அது மீசையோட வண்டி."

"அவர் எப்ப வந்தார்?"

"எப்ப வந்தாரா? அவர் எப்பவும் வருவாரே. நான் முன்னாடி, அவர் பின்னாடி. ரெண்டு பேருக்கும் பசி உயிர் போகும். இறங்கி, செருகி, ஓடுவோம்."

"ஒண்ணாவே செருகுவீங்களா?"

"பின்னே, நல்ல நேரம் பார்த்தா செருகுவாங்க?"

அவள் எழுந்து நின்றுவிட்டாள். "அண்ணி, இதை ஏன் நீங்க யார்கிட்டயும் சொல்லலை?"

"இதுல சொல்ல என்னடி இருக்கு? தினமும் நடக்கறதுதானே" என்றேன். தினமும் நடக்கிறது என்பதாலேயே நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. என் வண்டிக்குப் பக்கத்தில் மீசையின் வண்டி நிற்கிறது என்பது, வானம் மேலே இருக்கிறது என்பதுபோல எனக்கு.

"நானும் இன்ஜினியரும் ஒத்தை டம்ளரை வெச்சே சோதிச்சிருக்கோம்" என்றாள். அவள் டீ ஆறிப்போயிருந்தது, அப்படியே ஒரே மடக்கில் குடித்தாள்.

வெள்ளிக்கிழமை அவள் வந்தாள், இன்ஜினியரையும் வரவழைத்திருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் ஆஸ்பத்திரியின் பாதி ஜனம் கொட்டகையில் கூடிவிட்டது. ஓரமாகக் கிடந்த ஒரு ஸ்ட்ரெச்சரை இழுத்துவந்து, அவள் லேப்டாப்பையும் இன்ஜினியர் லேப்டாப்பையும் அதில் அக்கம்பக்கமாகப் படுக்க வைத்தாள். மேனேஜர் எல்லார் காதிலும் விழும்படி கேட்டார். "மேடம், தப்பா நினைக்காதீங்க. நாத்தனாரைக் காப்பாத்தத்தான் திரும்ப வந்தீங்களா?"

"இல்ல சார். போன தடவை நான் பாதிதான் பார்த்தேன். மீதியைப் பார்க்க வந்தேன்" என்றாள். பிறகு எங்களைப் பார்த்து, "இன்னைக்கு நான் எதையும் தொட மாட்டேன். தினமும் எப்படி வருவீங்களோ அப்படியே வாங்க. அவசரமா வருவீங்கன்னா அவசரமா. திட்டிக்கிட்டு வருவீங்கன்னா திட்டிக்கிட்டு."

"திட்டிக்கிட்டுத்தான் வருவோம்" என்றார் மீசை.

நான் முன்னால், அவர் பின்னால். இறங்கினோம். இரண்டு கன்னும் ஒன்றாகப் போய் உட்கார்ந்தன. மீசையின் சார்ஜர் முனகிக்கொண்டு வேலையை ஆரம்பித்தது. என் சார்ஜர் யோசித்தது, இன்னும் யோசித்தது, கடைசியில் திரையில் அந்த வரி வந்தது: 'வாகனம் பதில் அளிக்கவில்லை'. நான் கைதட்டிவிட்டேன். தன் வண்டி படுத்துக்கொண்டதற்குக் கைதட்டின டிரைவர் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"இதைத்தானே நானும் சொல்றேன், செருகினது சரியில்லை" என்றார் மேனேஜர்.

"பிடிச்சு இழுத்துப் பாருங்க சார்" என்றாள் பஞ்சாயத்து. அவர் இழுத்தார். வண்டிதான் கொஞ்சம் ஆடியது, கன் அசையவில்லை. அவர் கையைத் துடைத்துக்கொண்டு தள்ளி நின்றார்.

"சார், உங்க வண்டி என்ன நினைச்சதுன்னு வேண்டாம். என்ன பேசுச்சு, என்ன கேட்டுச்சு, அதை மட்டும் படிங்க" என்று இன்ஜினியரிடம் சொன்னாள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. அந்த மனிதருக்கும் பீரோ வைத்தியம்தான்.

அவர் லேப்டாப்பைப் பார்த்துப் படித்தார். "வண்டி குரல் கொடுத்திருக்கு. ரெண்டு பேர் பதில் சொல்லியிருக்காங்க. அது சகஜம்தான் மேடம், பக்கத்துல சார்ஜர் இருந்தா அதுக்கும் லேசாக் காதுல விழும். எனக்கு இவ்வளவு சத்தமாக் கேட்டுச்சுன்னு ஒவ்வொண்ணும் சொல்லும். யாருக்கு அதிகமாக் கேட்டுச்சோ அவன்தான் நம்ம ஆளுன்னு வண்டி எடுத்துக்கும்."

"யாரை எடுத்துச்சு? நம்பரைப் படிங்க."

அவர் எழுத்தும் எண்ணுமாக நீளமாக ஒன்றைப் படித்தார். அவள் என் சார்ஜரின் கதவில் ஒட்டியிருந்த சீட்டில் விரலை வைத்துக்கொண்டே கேட்டாள். விரல் பாதியில் நின்றது. நகர்ந்து போய் மீசையின் சார்ஜர் சீட்டில் விரலை வைத்து, "மறுபடி படிங்க" என்றாள். இந்தத் தடவை விரல் கடைசி வரை போனது.

இன்ஜினியர் நெற்றியில் கை வைத்தார். என் வண்டி நின்றது ஒரு சார்ஜரில், பேசியது இன்னொரு சார்ஜரோடு. அந்த சார்ஜர் தன் வண்டியைக் கவனிக்கப் போய்விட்டது. என் சார்ஜர் யாரும் பேசாமல் காத்திருந்து காத்திருந்து அலுத்து, வண்டி பதில் சொல்லவில்லை என்று எழுதிவிட்டது. கழற்றித் திரும்பச் செருகும்போது மீசையின் சார்ஜர் வேலையில் இருக்கும், குறுக்கே பேசாது. அதனால் அப்போது ஒழுங்காக ஏறியிருக்கிறது. நாங்கள் கொஞ்சம் முன்னே பின்னே செருகின நாட்களிலும் அப்படித்தான். எல்லாரும் உண்மைதான் சொல்லியிருக்கிறார்கள், நான் உள்பட.

பஞ்சாயத்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணி, சித்தப்பா!" என்றாள்.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஆஸ்பத்திரி ஜனத்துக்கு ஒன்றும் புரியவில்லை.

அடுத்த சார்ஜரின் காதில் அவ்வளவு சத்தமாக ஏன் விழுந்தது என்று அவள் தேட ஆரம்பித்தாள். ரொம்பத் தேட வேண்டியிருக்கவில்லை. இரண்டு கேபிள்களும் ஒரு பழைய ஸ்ட்ரெச்சர் பெல்ட்டால் சேர்த்து இறுக்கிக் கட்டப்பட்டு, சுவரோரமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. கட்டியது எங்கள் பெரிய சிஸ்டர். வாக்கரில் வந்த ஒரு பெரியவர் தரையில் கிடந்த கேபிள் தடுக்கி விழப்போனதைப் பார்த்துவிட்டு அவராகக் கட்டியது. சிஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் நல்லதுக்குத்தானேம்மா செஞ்சேன்."

"நல்லதுதான் சிஸ்டர். கேபிள் தரையில கிடக்கவே கூடாது. ரெண்டையும் ஒட்டிக் கட்டினதால ஒண்ணுல பேசறது இன்னொண்ணுக்குள்ள கசியுது. அவ்வளவுதான். தனித்தனிக் கொக்கி அடிச்சுக்கலாம்" என்றாள். பெல்ட்டை அவிழ்த்துக் கேபிள்களைப் பிரித்துப் போட்டார்கள். நானும் மீசையும் மறுபடி வெளியே போய், மறுபடி ஒன்றாக வந்து, ஒன்றாகச் செருகினோம். இரண்டு சார்ஜரும் முனகின. ஜனம் கைதட்டியது.

"முடிஞ்சுதா?" என்றார் மேனேஜர்.

நானாக இருந்தால் முடிந்தது என்று சொல்லி மாலை போட்டுக்கொண்டிருப்பேன். அவள், "முடியலை சார். கட்டு ரெண்டு கேபிளுக்கும்தானே? மீசை அண்ணன் வண்டி ஏன் ஏமாறலை?" என்றாள்.

அப்போதுதான் எனக்கும் அது உறைத்தது. இன்ஜினியர் ஒரு டார்ச்சை வாங்கி என் வண்டியின் சார்ஜிங் வாய்க்குள் அடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "மேடம், இங்க வாங்க" என்றார். பேச்சுக் கம்பிக்கான சின்னப் பின் ஒன்று உள்ளே கொஞ்சம் தள்ளிப்போய், நுனி கறுத்திருந்தது. என் வண்டிக்கு சொந்த சார்ஜரோடு பேசும் குரல் அமுங்கிப்போயிருந்ததால்தான், கசிந்து போன குரல் அந்தப் பக்கம் பெரிதாகக் கேட்டிருக்கிறது. தனியாக இருந்தால் அமுங்கின குரலே போதும், அதனால் சோதனையில் தெரியவில்லை. "இது எங்க பக்கம்தான். மாத்திக் கொடுக்கறேன்" என்றார். பூசி மெழுகாமல் சொன்னதற்கு அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

அவள் மேலதிகாரிக்கு அங்கிருந்தே ஃபோன் பண்ணினாள். அந்தப் பக்கம் அவர் குரல் எங்களுக்கே கேட்டது. வண்டிப் பக்கம் தப்பு என்று மட்டும் எழுதினால் போதாதா என்கிறார். "ரெண்டு கேபிளுக்கும் தனிக் கொக்கி வெச்சிருக்க வேண்டியது நம்ம வேலை சார். ரெண்டையும் எழுதறேன்" என்றாள். இன்ஜினியரின் ஃபோனிலும் யாரோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் ஃபோனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

மேனேஜர் மன்னிப்பு என்று எதுவும் சொல்லவில்லை. அன்றைக்குக் கடைசி நோயாளியை விட்டுவிட்டு வந்து சாவியை நீட்டியபோது, வாங்கிக்கொள்ளாமல், "உங்ககிட்டயே இருக்கட்டும் மேடம்" என்றார். எனக்கு அது போதும். தையல்கார அம்மா அன்றைக்கு ஒரு நிமிஷம்கூடப் பெஞ்சில் உட்காரவில்லை. வண்டியைச் சரி பண்ணினது யார் என்று அவர் கேட்டபோது, "எங்க வீட்டுப் பொண்ணு" என்று வண்டியில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். அவர் வீடு வருகிற வரை அதைப் பற்றியேதான் பேசினேன். பாவம், சால்வைக்குள்ளேயே தூங்கிவிட்டார்.

சாயங்காலம் அவளை என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு நடந்தேன். வழியில் மனசில் உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "உண்மையைச் சொல்லுடி. ஒருவேளை நான்தான் கன்னைச் சரியாச் செருகலைன்னு தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"சொல்லியிருப்பேன் அண்ணி."

"தனியாக் கூப்பிட்டா?"

"எல்லார் முன்னாடியும்தான். அங்கதானே கேட்டாங்க."

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு எட்டு நடந்ததும் அந்தச் சுருக்கே மனசு நிறைவாகிவிட்டது. அத்தனை ஜனத்துக்கு முன்னால் மேனேஜர் அவள் சொன்னதை ஏன் நம்பினார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. எனக்குச் சாதகமாக ஒரு வார்த்தை எழுதச் சொல்லி அவளிடம் சண்டை போட்டேனே, அந்த வார்த்தையை அவள் எழுதியிருந்தால் வெள்ளிக்கிழமை அவள் வாயைத் திறந்திருக்கவே முடியாது. இப்படி ஒருத்தியை வீட்டுக்குக் கூட்டிவந்ததுதான் என் தம்பி வாழ்க்கையில் செய்த உருப்படியான ஒரே காரியம் என்று அவனுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். என்ன ஆச்சு அக்கா, உடம்பு சரியில்லையா என்று கேட்டான்.

வீட்டுக்கு வந்து, அவளை உட்கார வைத்து, நானே சமைத்தேன். தம்பியும் வந்து சேர்ந்தான். தட்டில் போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். "எப்படி இருக்கு?" என்றேன். தம்பி பயந்துபோய் அவளைப் பார்த்தான்.

அவள் வாயில் இருந்ததை நிதானமாக விழுங்கினாள்.

"உப்பு தூக்கல் அண்ணி" என்றாள்.

எனக்கு வந்த சந்தோஷத்தில் அவள் தலையிலேயே ஒரு தட்டுத் தட்டிவிட்டு, இன்னொரு கரண்டி போட்டேன்.